ஒரே ஊரில் தங்குவதா, ஊர் ஊராகத் தங்கிப் போவதா? கார்ப் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் இருப்பது கோலாலம்பூர் செந்தூலில். என் மாமியார் வீடு பினாங்கு பக்கம் புக்கிட் மெர்தாஜாமில். கல்யாணமான நாள் முதல் வருடத்துக்கு மூன்று தடவையாவது வடக்கே போய் வருகிறோம். வழியில் இருக்கும் ஊர்களில் தங்கியும் பார்த்திருக்கிறோம், ஒரே மூச்சாக ஓடியும் பார்த்திருக்கிறோம். அதனால் பள்ளி விடுமுறை நெருங்கினால் அலுவலகத்திலும் கோயிலிலும் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான், கேட்கும் விதம்தான் வேறு. கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது அவர். துணி மடித்து வைப்பது, பல் துலக்கும் பிரஷ் ஐந்தும் இருக்கிறதா என்று எண்ணுவது, அறையை விட்டுக் கிளம்பும்போது கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பது எல்லாம் நான். ஓட்டுகிறவர் கிலோமீட்டரை எண்ணுவார். நான் எத்தனை தடவை மூட்டை கட்டினோம் என்று எண்ணுவேன். கீழே இருப்பவை மூட்டை கட்டுகிறவளின் பதில்கள்.

கார் நம்மளோடது, எங்க வேணும்னாலும் தங்கலாம். ஒரே இடத்துல தங்குறதுக்கும் ஊர் ஊரா தங்குறதுக்கும் அப்படி என்னக்கா வித்தியாசம்?

வித்தியாசம் கடிகாரத்தில் இருக்கிறது. பெரும்பாலான ஹோட்டல்களில் பகல் 12 மணிக்குள் அறையைக் காலி செய்யவேண்டும். அடுத்த ஹோட்டலில் பிற்பகல் 3 மணிக்குத்தான் சாவி கொடுப்பார்கள். நடுவில் 3 மணி நேரம் குடும்பமே காரில் குடியிருக்கும். அதற்கு முன்னால் காலையில் மூட்டை கட்ட ஒரு மணி நேரம். போய்ச் சேர்ந்ததும் சாமான் இறக்கி, குளித்து, வைஃபை பாஸ்வேர்டைப் பிள்ளைகள் கண்டுபிடித்து முடிக்க இன்னொரு மணி நேரம். அடுத்த ஊர் 40 கி.மீ. தள்ளி இருந்தாலும் சரி, 150 கி.மீ. தள்ளி இருந்தாலும் சரி, இந்தச் செலவு குறையாது. ஒரு இடமாற்றம் என்றால் அரை நாள் போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே இடத்தில் தங்குவதற்கும் விலை உண்டு. போன வழியிலேயே திரும்பவேண்டும். 70 கி.மீ. தள்ளி இருக்கும் கோயில் உங்கள் காருக்கு 140 கி.மீ. அதுவும் எல்லோரும் களைத்துப் போன மாலை நேரத்தில் இரண்டாவது பாதி ஓட்டம். பின் இருக்கையில் இருப்பவர்கள் தூங்கலாம், ஸ்டியரிங் பிடித்தவர் தூங்க முடியுமா? ஆக, மூட்டை கட்டும் சள்ளையா, திரும்பி வரும் அலுப்பா, உங்கள் குடும்பத்துக்கு எது தாங்கும் என்பதுதான் விஷயம்.

சரி, எத வச்சு முடிவு பண்றது?

பார்க்க நினைக்கும் இடங்களுக்கெல்லாம் வரைபடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிகள் ஒரு ஊரைச் சுற்றிக் கோலப்புள்ளி மாதிரி விழுந்தால் நடுவில் தங்குங்கள். கொடியில் காயும் துணி மாதிரி வரிசையாக விழுந்தால் தங்கித் தங்கிப் போங்கள்.

நம் மேற்குக் கரை பெரும்பாலும் கொடிக்கயிறுதான். கோலாலம்பூரிலிருந்து ஈப்போ சுமார் 200 கி.மீ., அங்கிருந்து பினாங்கு இன்னும் 150 கி.மீ. சொச்சம். தாப்பா, கோப்பேங், ஈப்போ, கோலகங்சார், தைப்பிங் எல்லாமே வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டி அடுத்தடுத்து வருகின்றன. அதனால், “பினாங்கில் ரூம் போட்டுவிட்டோம், ஒரு நாள் ஈப்போ போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம்” என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது. ஏற்கெனவே கடந்து வந்த ஊருக்கு 150 கி.மீ. பின்னால் போய், மறுபடி 150 கி.மீ. ஏறி வந்து, இரண்டு நாள் கழித்து வீட்டுக்குத் திரும்பும்போது அதே ஊரை மூன்றாவது தடவையும் கடப்பார்கள்.

ஒரே நாள்ல போயிட்டு வர எவ்வளவு தூரம் வரைக்கும் சரி?

என் கணக்கு, போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் என்றால் அந்த ஊரிலேயே ஒரு இரவு படுத்துவிடுவது நல்லது. கிலோமீட்டரை நம்பாதீர்கள். நெடுஞ்சாலையில் 60 கி.மீ. என்பது ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் டீ) ஆறுவதற்குள் முடிந்துவிடும். தாப்பாவிலிருந்து கேமரன் மலையில் இருக்கும் தானா ராத்தாவுக்கு மலையேறும் 60 கி.மீ. அப்படியல்ல; யாராவது ஒருவர் வாந்தி எடுக்காமல் முடியாது.

விதிவிலக்கு, இருட்டிய பிறகு மட்டுமே பார்க்கக்கூடிய இடங்கள். கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் போனால் கோலாலம்பூருக்கு 70 கி.மீ. தூரத்தை இரவில்தான் திரும்ப ஓட்டவேண்டும். தூரம் கணக்குக்குள் வந்தாலும் ஓட்டுகிறவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். மலாக்கா 150 கி.மீ., இரண்டு மணி நேரம். கணக்கை மீறுகிறது என்றாலும் நாங்கள் விடியற்காலையில் கிளம்பி ஒரே நாளில் போய் வந்திருக்கிறோம். சனிக்கிழமை அதைச் செய்யாதீர்கள்.

மூணு நாள்தான் லீவு. பினாங்கு போற வழியில ஈப்போல ஒரு ராத்திரி தங்கலாமா?

வேண்டாம். மூன்று நாளில் இரண்டு இரவுதான். அதில் ஒன்றை ஈப்போவுக்குக் கொடுத்தால் பினாங்கிலும் ஒரே இரவு, இரண்டு தடவை மூட்டை, இரண்டு ஊரும் அரைகுறை. இரண்டு இரவும் பினாங்கில் படுங்கள்.

ஆனால் ஈப்போவைப் பார்க்காமலும் வரவேண்டாம். இறங்குவது வேறு, தங்குவது வேறு. திரும்பி வரும் நாள் காலையில் கிளம்பி, ஈப்போவில் இறங்கி, கல்லுமலை முருகனைக் கும்பிட்டுவிட்டு, வெள்ளைக் காப்பி குடித்து, சாப்பிட்டு, மாலையில் வண்டி ஏறினால் வீடு இரண்டரை மணி நேரம். இந்த நெடுஞ்சாலையில் டோல் தூரக் கணக்கு. நடுவில் வெளியேறி மறுபடி உள்ளே போனாலும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் வராது. போகும் வழியில் இறங்காமல் வரும் வழியில் இறங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போகும்போது எல்லோருக்கும் போய்ச் சேரவேண்டும் என்ற அவசரம் இருக்கும். வரும்போது யாருக்கும் வீட்டுக்குப் போக ஆசை இருக்காது.

பினாங்குல தங்குறதுன்னா எங்க? ஜார்ஜ் டவுனா, பத்து ஃபெரிங்கியா, இல்ல பட்டர்வொர்த்தே போதுமா?

இதைப் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள், முதலில் யோசிக்கவேண்டியது இதுதான். பினாங்கு என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் நடுவே கடல் கிடக்கிறது. தாண்டுவதற்கு 1985-இல் திறந்த முதல் பாலம் 13.5 கி.மீ., 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் 24 கி.மீ. தீவுக்குப் போகும்போது மட்டும் டோல், வரும்போது கிடையாது. கார் ஏற்றிக்கொண்டு போன பழைய ஃபெரியை நினைத்துக்கொண்டு இன்னும் சிலர் வருகிறார்கள். 2021 தொடக்கத்திலிருந்து அது இல்லை. இப்போதைய ஃபெரியில் ஆட்கள் ஏறலாம், மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் ஏற்றலாம், கார் ஏற்ற முடியாது.

கோயில், சாப்பாடு, பழைய தெருக்கள் என்று தீவுக்குள்ளேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் ஜார்ஜ் டவுன். லிட்டில் இந்தியாவில் குவீன் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. அதைச் சுற்றி நடந்தே பாதி நாள் கழித்துவிடலாம். காரை நிறுத்திவிட்டு மறந்துவிடுங்கள்; பார்க்கிங் இல்லாத ஹோட்டலை மட்டும் எடுக்காதீர்கள். பத்து ஃபெரிங்கி கடற்கரைக்காகவே வருகிறவர்களுக்கு. ஜார்ஜ் டவுனிலிருந்து அங்கே போக மலையோரமாக வளைந்து போகும் ஒரே சாலை. வார இறுதியில் அதில் சிக்கினால் பாலத்தைத் தாண்டி எங்கேயும் போகும் எண்ணமே போய்விடும்.

தைப்பிங், சுங்கை பட்டாணி, மெர்போக் பக்கமெல்லாம் போகும் திட்டம் இருந்தால் பெருநிலத்தில், அதாவது பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் தங்குங்கள். வாடகையும் குறைவு. தீவுக்கு ஒரு நாள் ஃபெரியில் ஆளாகப் போய் வரலாம். என் ஓட்டு இதற்குத்தான். மாமியார் வீடு அந்தப் பக்கம் என்பதால் சொல்லவில்லை. அங்கிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1025-இல் ராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரம் என்று நாம் படித்த இடத்தின் கோயில் அடித்தளங்களை, ஜெராய் மலை அடிவாரத்தில் மெர்போக்கில் உள்ள அருங்காட்சியகத்தில் நேரில் பார்க்கலாம். பினாங்குக்குப் பத்து தடவை வந்தவர்கள் பலர் அங்கே ஒரு தடவைகூடப் போனதில்லை. பத்து ஃபெரிங்கியில் தங்கினால் எப்படிப் போவார்கள்?

ஈப்போவையே நடுவுல வச்சுகிட்டா ரெண்டு பக்கமும் பாக்கலாம் இல்ல?

நான்கு நாள் இருந்தால் இது எனக்கு மிகவும் பிடித்த திட்டம். மேலே சொன்ன கொடிக்கயிற்றில் கோலப்புள்ளி விழும் ஒரே ஊர் ஈப்போதான். வடக்கே கோலகங்சார், தைப்பிங், தெற்கே கோப்பேங்கில் குவா தெம்புரோங் குகை, பத்துகாஜா, தென்மேற்கே லூமுட், தெற்கே இன்னும் தள்ளி தெலுக் இந்தானில் 1885-ஆம் ஆண்டின் சாய்ந்த கோபுரம். எல்லாமே ஒன்றரை மணி நேரத்துக்குள். பங்கோர் தீவு வேண்டுமென்றால் லூமுட்டில் காரை நிறுத்திவிட்டு ஃபெரி ஏறவேண்டும். அது மட்டும் நீண்ட நாளாகிவிடும்.

பத்துகாஜா பக்கம் இருக்கும் கெல்லி கோட்டைக்கு நம்மவர்கள் பேய்க் கதைக்காகப் போகிறார்கள். நான் போகச் சொல்வது வேறு காரணத்துக்காக. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து தோட்டத் துரை கட்டத் தொடங்கிய மாளிகை அது. 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, பாதியில் நின்றுவிட்டது. கட்டியவர்களில் நம் தமிழ் ஆட்கள் நிறைய. கோட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில் அவர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதன் மேல்தளத்தில் சாமி சிலைகளுக்கு நடுவே கோட்டு சூட்டு போட்ட துரையின் உருவமும் நிற்கும். கோட்டைக்கு டிக்கெட் எடுத்த கையோடு பலர் திரும்பிவிடுகிறார்கள், கோயிலை விட்டுவிடுகிறார்கள். ஈப்போவிலிருந்து அரை மணி நேரம்தான் என்பதால் அவசரமில்லாமல் இரண்டையும் பார்க்கலாம்.

ஈப்போவை நடுவில் வைத்துப் பினாங்கையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒன்றரை மணி நேரக் கணக்கில் அது தேறாது.

அப்ப தைப்பிங்ல தங்கவே வேணாமா?

மிருகக்காட்சிசாலையின் இரவுக் காட்சிக்குப் போகிறீர்கள் என்றால் தங்குங்கள். இல்லையென்றால் ஏரிப் பூங்காவின் மழைமரங்களுக்கு அடியில் ஒரு காலைப் பொழுது போதும். குடை எடுத்துப் போங்கள். நாட்டில் மழை அதிகம் கொட்டும் ஊர்களில் அதுவும் ஒன்று.

கேமரன் மலைய இதுல எங்கக்கா சேக்குறது?

எதிலும் சேர்க்காதீர்கள். கேமரன் தனிப் பயணம். கோலாலம்பூரிலிருந்து 200 கி.மீ. என்பதால் ஈப்போ மாதிரியே நினைக்கிறார்கள், மலைச்சாலையை மறந்துவிடுகிறார்கள். தாப்பா வழி குறுகலாக வளைந்து வளைந்து ஏறும். சிம்பாங் பூலாய் வழி அகலம், ஆனால் சுற்று. மேலே போனால் வார இறுதியில் தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் வரைக்கும் ஜாம். கீழே இறங்கி எங்கேயாவது போய்விட்டு இரவுக்குள் மேலே ஏறுவது நடக்காத காரியம், அதனால் அது வேறு ஊர்களுக்கு மையமாக இருக்கவும் முடியாது.

அப்படியும் ஆசை விடவில்லையா? வார நாளில், போகும் வழியில், இரண்டு இரவாக வையுங்கள். தாப்பா வழியாக ஏறி சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினால் ஈப்போ பக்கத்திலேயே வந்து விழுவீர்கள். ஒரே சாலையை இரண்டு தடவை ஓட்டவேண்டாம் என்பதாவது மிச்சம். கனமழை நாட்களில் மண்சரிவு இருக்கும், கிளம்பும் அன்று செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு எதுல மிச்சம்? டோல், எண்ணெய் எல்லாம் சேத்து சொல்லுங்க.

டோலும் எண்ணெயும் இந்த முடிவைப் பெரிதாக மாற்றாது. காசு உண்மையில் கரைவது அறையிலும் சாப்பாட்டிலும். ஒரே வீட்டை நான்கு இரவு எடுத்தால் உரிமையாளரிடம் விலை பேசலாம், ஒற்றை இரவுக்கு யாரும் குறைக்கமாட்டார்கள். சமையலறை இருந்தால் காலைச் சாப்பாடு ஐந்து பேருக்கும் கையோடு முடிந்துவிடும். ஊர் மாறும் நாளில் மூன்று வேளையும் கடைதான். சோற்றுப் பானையைக் காரில் ஏற்றிக்கொண்டு போவதை என் மகள் கேலி செய்வாள். சுடுசோறும் ரசமும் இறங்கிய பிறகு அந்தக் கேலி நின்றுவிடும்.

எண்ணெய் விஷயத்தில் ஒன்று மட்டும். புடி95 என்ற பெட்ரோல் மானியச் சலுகை, ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் குடிமக்களின் மைகார்ட்டோடு (அடையாள அட்டை) சேர்ந்தது, அளவுக்கு வரம்பும் உண்டு. தூரம் அதிகமான பயணத்தில் யார் கார்டில் எவ்வளவு மீதி என்று கிளம்புவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

ஹோம்ஸ்டே எடுத்து நாலு நாளும் அங்கயே இருந்துட்டா நிம்மதிதானே?

வீடு நன்றாக இருந்தால் நிம்மதிதான். ஒரே இடத்தில் தங்குவதில் யாரும் சொல்லாத ஆபத்து, இடம் மோசமாக இருந்தால் எல்லா இரவும் மோசம். இரண்டு வருடத்துக்கு முன் வடக்கே ஒரு ஊரில் நான்கு இரவுக்கும் முழுப் பணம் கட்டி ஒரு வீடு எடுத்தோம். மூன்று அறையிலும் ஏர்கோன் என்று படம் போட்டிருந்தார்கள். ஓடியது ஒன்று. அந்தத் தடவை போயிருந்த எட்டு பேரும் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தோம். உரிமையாளர் கைப்பேசியை எடுக்கவேயில்லை. ஊர் ஊராகப் போயிருந்தால் மறுநாள் காலை அந்த வீட்டை மறந்திருப்போம்.

அதன் பிறகு நான்கு இரவுக்கும் முன்பணம் கட்டுவதில்லை. ரத்து செய்ய முடிகிற அறையாகப் பார்ப்பேன், அல்லது இரண்டு இரவு எடுத்துவிட்டு, பிடித்திருந்தால் நீட்டித்துக்கொள்வேன். பெருநாள் காலத்தில் இந்தத் தந்திரம் பலிக்காது, நீட்டிக்க இடம் இருக்காது. துணி துவைக்கும் மெஷின் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் பாதி மூட்டை குறையும்.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு. கார்ல உக்காந்தா கால் வீங்கிடுது. எது நல்லது?

ஒரே இடம், யோசிக்கவே வேண்டாம். ஆனால் எந்த இடம் என்பதில்தான் தப்பு செய்கிறோம். வயதானவர்களுக்கு மையத்தால் கிடைக்கும் பெரிய லாபம் மதியத் தூக்கம். காலையில் ஒரு கோயில், சாப்பாடு, ஒரு மணிக்கு அறைக்கு வந்து கால் நீட்டிப் படுத்து, ஐந்து மணிக்கு மறுபடி வெளியே. அறை 20 நிமிடத்துக்குள் இருந்தால்தான் இது நடக்கும். மலிவு என்று 45 நிமிடம் தள்ளி எடுத்தால் யாரும் நடுவில் திரும்பமாட்டார்கள், அம்மா நாள் முழுக்கக் காரில் உட்கார்ந்திருப்பார். அதற்கு ஊர் ஊராகவே போயிருக்கலாம். லிஃப்ட் இருக்கிறதா, இல்லை கீழ்த்தளமா, இன்சுலின் வைக்கக் குளிர்ப்பெட்டி உண்டா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள்.

போகும் பயணத்திலும் ஒரே மூச்சாக ஓடவேண்டாம். தாப்பாவிலும் சுங்கை பேராக்கிலும் உள்ள ஆர் அண்ட் ஆரில் (நெடுஞ்சாலை ஓய்விடம்) அரை மணி நேரமாவது நடக்க வையுங்கள். பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்கு 500க்கும் மேற்பட்ட படிகள். அம்மா அடிவாரத்திலேயே கும்பிட்டுக்கொள்ளட்டும். பினாங்கு மலைக்கு ரயில் ஏறும் என்பதால் அது முடியும்.

சின்னப் பிள்ளைங்க இருந்தா?

மேலே அம்மாவுக்குச் சொன்னதேதான், கூடவே நீச்சல் குளம். குளம் இருந்தால் அவர்களுக்கு ஊரே தேவையில்லை.

சொந்தக்காரங்க வீட்ல தங்குனா ஹோட்டல் காசே மிச்சம். அதையே மையமா வச்சுக்கலாமே?

காசு மிச்சம், உண்மை. காலை எட்டு மணிக்குக் கிளம்பலாம் என்று நினைப்போம். தோசை சுட்டு முடியப் பத்தரை. அதற்குள் பெரியப்பா வருவார், அவர் வீட்டுக்குப் போகாமல் போனால் கோபித்துக்கொள்வார். அங்கே ஒரு சாப்பாடு. பிறகு அத்தை வீடு. நான்கு நாளும் புக்கிட் மெர்தாஜாமைத் தாண்டாமல் திரும்பி வந்த பயணங்கள் எனக்கு உண்டு. குறையாகச் சொல்லவில்லை. அது சொந்தம் பார்க்கும் பயணம், அதைச் சுற்றுலா என்று பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள், அவ்வளவுதான்.

இரண்டும் வேண்டுமென்றால் முதல் இரண்டு இரவு சொந்தக்காரர் வீடு, எல்லா வீட்டுக்கும் போய் முடித்துவிட்டு, பிறகு ஹோட்டல். ஹோட்டலை முதலில் வைத்தால், “ஊருக்குள் வந்துவிட்டு வீட்டுக்கு வரவில்லை” என்ற பேச்சு வரும்.

தமிழ்நாட்டுல இருந்து மாமா குடும்பம் பத்து நாளைக்கு வராங்க. மலேசியாவையே சுத்திக் காட்டணும்.

பத்து நாளில் பத்து ஊர் வேண்டாம். விமானத்தில் வந்து இறங்கியவர்களின் பெட்டிகள் நம் பையைப் போல மூன்று மடங்கு. ஊறுகாய் பாட்டிலும் இருக்கும். கோலாலம்பூரில் ஐந்து இரவு, பினாங்கில் நான்கு. கோலாலம்பூரிலிருந்து பத்துமலை, புத்ராஜெயா, கெந்திங் எல்லாம் அரை நாள் தூரம்தான், மலாக்கா ஒரு முழு நாள். பினாங்கு போகும் வழியில் ஈப்போவில் இறங்கிப் பார்க்கலாம், தங்கவேண்டாம். பெரிய பெட்டிகளில் பாதியைச் செந்தூலிலோ கிள்ளானிலோ நம் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம். அந்த வசதி ஒன்றுக்காகவே கோலாலம்பூரை மையமாக வைக்கலாம்.

அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வெளிநாட்டவருக்கு உண்டு, நம் குடிமக்களுக்கு இல்லை. பல இடங்களில் முகப்பில்தான் கேட்பார்கள். முன்பே சொல்லி வையுங்கள், மாமா முகப்பில் நின்று வாதாடமாட்டார்.

தைப்பூசத்துக்குப் பினாங்கு போறோம். அப்பவும் இதே கணக்குதானா?

இல்லை, கணக்கே வேறு. அந்த மூன்று நாளும் மையம் என்றால் நடந்து போகும் தூரம் என்று அர்த்தம். முந்தின நாள் லிட்டில் இந்தியா பக்கமிருந்து தங்க ரதமும் வெள்ளி ரதமும் தண்ணீர்மலை நோக்கிக் கிளம்பும். வழியெல்லாம் தேங்காய் உடைப்பதால் சில கிலோமீட்டருக்கு ஒரு முழு நாள் ஆகும். ரதம் போகும் சாலைகளில் கார் நகராது. அந்த நாளில் பூஜாங் போகலாம், தைப்பிங் போகலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

தீவில் அறை கிடைக்காவிட்டால் வருத்தப்படவேண்டாம். பட்டர்வொர்த்தில் தங்கி, காரை அங்கேயே விட்டு, ஃபெரியில் ஆளாகக் கடந்தால் லிட்டில் இந்தியா நடக்கும் தூரம்தான். கடைசி ஃபெரி எத்தனை மணிக்கு என்பதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காவடி எடுப்பவர் குடும்பத்தில் இருந்தால் இந்த வழி சரிவராது. விடியற்காலை சாமான்களோடு ஃபெரியில் ஏறுவது பாடு. அவர்கள் பல மாதத்துக்கு முன்பே தீவில் அறை எடுத்துவிடவேண்டும்.

ரயில்ல போயி அங்க கார் வாடகைக்கு எடுத்தா என்ன?

ஒரே ஊரில் தங்குவது என்று முடிவாகிவிட்டால் நல்ல யோசனை. இ.டி.எஸ். ரயில் கே.எல். சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்குச் சுமார் 4 மணி நேரம். ஓட்டுகிறவரும் தூங்கிக்கொண்டே வரலாம். தீவைப் பார்க்கும் நாட்களில் கார் தேவையே இல்லை, மெர்போக் போகும் ஒரு நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கலாம். தங்கித் தங்கிப் போகும் திட்டத்துக்கு ரயில் ஒத்துவராது. ஒவ்வொரு நிலையத்திலும் சாமானோடு இறங்கி ஏறவேண்டும். பள்ளி விடுமுறைக்கு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதோடு சோற்றுப் பானையை எப்படிக் கொண்டுபோவது என்பதற்கு எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.

என் வீட்டுக்காரருக்கு தினம் ஒரு ஊர் பாக்கணும். எனக்கு ஒரே எடத்துல கெடக்கணும். அஞ்சு ராத்திரி இருக்கு. எப்படிக்கா?

ஈப்போவில் இரண்டு, பினாங்கில் மூன்று. எந்த ஊரிலும் ஒற்றை இரவு கூடாது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஈப்போவில் தங்கும்போது கோட்டையும் குகையும் பார்த்துவிடலாம். ஊர் மாறும் நாளில் கோலகங்சாரிலும் தைப்பிங்கிலும் இறங்கி இறங்கிப் போங்கள். அந்த 12 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில் உள்ள நேரம் அப்படிக் கழிந்துவிடும். அவருக்குக் கணக்கில் நான்கைந்து ஊர் ஆகிவிடும், உங்களுக்கு நடுவில் ஒரே ஒரு இடமாற்றம்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், ஊர் மாறும் நாளன்று மூட்டையை அவரையே கட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஒரு தடவை அப்படி நடந்தது. மூன்று சார்ஜர், மகனின் ஒரு செருப்பு, என் மாமியாருக்கு வாங்கிய புடவை எல்லாம் ஈப்போ ஹோட்டலிலேயே நின்றுவிட்டன. தாப்பாவ் பண்ணிய, அதாவது கடையில் பொட்டலம் கட்டி வாங்கிய, கோழிச்சோறு மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது. அடுத்த பயணத்துக்கு ரூம் பார்க்கும்போது, “எல்லா நாளும் ஒரே இடத்தில் எடுத்துவிடு” என்று அவரே சொன்னார்.